பன்னிரண்டு படம், பன்னிரண்டு பிளவு: பழைய அசைபடக் கருவிகளைக் கையால் செய்வது எப்படி

அசைபடம் கற்க வரும் ஓவிய மாணவர் மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு வாரம் அட்டையோடும் கட்டரோடும் உட்காருவது நல்லது. திரையில் தெரியாத ஒரு விஷயம் அட்டையில் உடனே தெரிந்துவிடும். படங்களை வரிசையாக ஓட்டினால் மட்டும் அசைவு வராது, வெறும் மங்கல்தான் வரும். ஒரு படம் சட்டென்று தெரிந்து மறைய வேண்டும். ஒரு நொடித் துணுக்கு இருட்டு. பிறகு அடுத்த படம். 1832-33இல் பெல்ஜியத்தில் ஜோசப் பிளாட்டோவும் வியன்னாவில் சைமன் ஸ்டாம்ப்ஃபரும், தனித்தனியாக, ஏறக்குறைய ஒரே சமயத்தில் வட்ட அட்டையில் பிளவுகள் வெட்டியது இந்த இருட்டுக்காகத்தான்.

கீழே நான்கு கருவிகள். முதலாவது அரை மணி நேர வேலை. இரண்டாவதில்தான் பாடம் இருக்கிறது, அதனால் அதற்கே அதிக இடம்.

வேண்டியவை: 300 ஜிஎஸ்எம் கறுப்பு அட்டை, வெள்ளை ஏ4 தாள், கவராயம், பாகைமானி, ஸ்டீல் ஸ்கேல், புது பிளேடு போட்ட கட்டர், அடியில் வைக்க கட்டிங் மேட் அல்லது தடித்த பழைய அட்டை, பசைக்குச்சி, போர்டு பின், பின்பக்கம் ரப்பர் வைத்த பென்சில். பிளேடில் கஞ்சத்தனம் வேண்டாம். மழுங்கிய பிளேடு அட்டையை வெட்டாமல் கிழிக்கும், பிளவின் ஓரம் பிசிறு பிசிறாக நிற்கும், அந்தப் பிசிறு ஒவ்வொரு படத்தின் மேலும் நிழலாக விழும்.

தாமட்ரோப்

1825 வாக்கில் லண்டனில் ஜான் அயர்டன் பாரிஸ் என்ற மருத்துவர் பரப்பிய விளையாட்டுப் பொருள். ஒரு பக்கம் கூண்டு, மறுபக்கம் கிளி, சுழற்றினால் கிளி கூண்டுக்குள். 7 செ.மீ. விட்டத்தில் வட்டம் வெட்டி, இடமும் வலமும் விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே ஒவ்வொரு துளை போட்டு, இரண்டிலும் 30 செ.மீ. நூலை மடித்துக் கோர்த்து, முறுக்கி இழுக்க வேண்டும்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. நூல் இடமும் வலமும் இருப்பதால் அட்டை தலைகீழாகத்தான் புரளும். ஆகவே புத்தகப் பக்கம் போல் திருப்பிப் பார்த்தால் பின்பக்கப் படம் தலைகீழாகத் தெரிய வேண்டும். அடுத்தது, துளைகள் இரண்டும் வட்டத்தின் மையம் வழியே போகும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒன்று 2 மி.மீ. இறங்கினாலும் கிளி கம்பிகளுக்கு நடுவே நிற்காமல் மேலும் கீழும் ஆடும். மெல்லிய பென்சில் கோடு இதில் எடுபடாது. ஒவ்வொரு பக்கமும் பாதி நேரம்தான் கண்ணில் படுகிறது, மீதிப் பாதியில் மறுபக்கத்தின் வெள்ளை அதன்மேல் படிந்து வெளுக்க வைக்கிறது. தடித்த மார்க்கர் கோடு, நிறைந்த கறுப்பு, பளிச்சென்ற நிறம் என்றால் நிற்கும்.

இதில் அசைவு என்று எதுவும் இல்லை. இரண்டு படம் ஒன்றாகக் கலக்கிறது, அவ்வளவே.

சுழல்தட்டு

பிளாட்டோவின் கருவியை ஃபெனகிஸ்டஸ்கோப் என்பார்கள். வாயில் நுழையாத பெயர். இங்கே சுழல்தட்டு என்றே வைத்துக்கொள்வோம்.

கறுப்பு அட்டையில் 12 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். கவராயத்தின் அகலத்தை மாற்றாமல், விளிம்பில் ஒரு புள்ளியில் முள்ளை வைத்து வட்டத்தைச் சுற்றி அடுத்தடுத்து வெட்டிக்கொண்டே போனால் ஆறு புள்ளிகள் கிடைக்கும், ஆறாவது வெட்டு தொடங்கிய இடத்திலேயே வந்து விழும். அப்படி விழவில்லையென்றால் கவராயம் தளர்ந்திருக்கிறது. திருகை இறுக்கிவிட்டு மறுபடி போடுங்கள். ஒவ்வொரு ஆறில் ஒரு பங்கையும் இரண்டாகப் பிரித்தால் 12 பிரிவுகள், ஒவ்வொன்றும் 30 பாகை.

பாகைமானியில் செய்வதானால் 30, 60, 90 என்று எல்லாவற்றையும் ஒரே பூஜ்யக் கோட்டிலிருந்து குறியுங்கள். ஒரு கோட்டைப் போட்டு, அதிலிருந்து 30, பிறகு அதிலிருந்து 30 என்று போனால் அரைப் பாகைப் பிழை பன்னிரண்டு முறை கூடிக் கடைசிப் பிரிவில் ஆறு பாகையாக வந்து நிற்கும். தட்டின் நடுவிலிருந்து 7 செ.மீ. தூரத்தில் ஒரு பாகை என்பது சுமார் 1.2 மி.மீ. அந்த அளவுக்குப் படம் குதித்தால் கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

ஒவ்வொரு கோட்டின்மேலும், விளிம்பிலிருந்து உள்நோக்கி 2.5 செ.மீ. நீளத்துக்கு, 3 மி.மீ. அகலப் பிளவு வெட்டுங்கள். கோட்டின் இருபுறமும் 1.5 மி.மீ. வரவேண்டும். இரண்டு நீளக் கோடுகளையும் உள்ளிருந்து வெளியே இழுத்து வெட்டுங்கள், குறுக்குக் கோட்டைக் கடைசியில். அகலத்தைப் பற்றி ஒரு கணக்கு: பன்னிரண்டு பிளவும் சேர்ந்து 36 மி.மீ., தட்டின் சுற்றளவு 754 மி.மீ. ஆக கண்ணுக்கு வரும் ஒளி ஐந்து சதவீதத்தை ஒட்டியது. படம் மங்கலாக இருக்கிறது என்று பிளவை 6 மி.மீ. ஆக்கினால் வெளிச்சம் இரட்டிக்கும், கூடவே குழப்பமும் இரட்டிக்கும். பிளவைத் தொடாதீர்கள். விளக்கைப் பக்கத்தில் கொண்டு வாருங்கள்.

படத்தை இந்தத் தட்டிலேயே வரைய வேண்டாம். வெள்ளைத் தாளில் 9 செ.மீ. ஆரத்துக்கு வட்டம் வெட்டி, அதையும் பன்னிரண்டாகப் பிரித்து, தாளின் கோடுகள் பிளவுகளின் நடுவோடு பொருந்தும்படி நாலு துளிப் பசையில் ஒட்டுங்கள். ஒரு கறுப்புத் தட்டு வருடக்கணக்கில் வரும், படத்தாள்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முழுத் தாளுக்கும் நீர்ப்பசை தடவினால் அட்டை வாழை மடல் போல் வளைந்துகொள்ளும்.

மையத் துளை கவராய முள் குத்திய அதே இடம்தான். வேறெங்கும் இல்லை. 1 மி.மீ. விலகினாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை மொத்தப் படமும் ஊஞ்சலாடும். போர்டு பின்னை மையத்தில் செருகி, நடுவில் ஒரு சிறு பாசிமணி கோர்த்து, பென்சிலின் ரப்பரில் குத்துங்கள். மணி இல்லாவிட்டால் அட்டை ரப்பரில் உரசி நின்றுவிடும்.

பார்க்கும் முறை: படப்பக்கம் கண்ணாடியைப் பார்க்க, கறுப்புப் பக்கம் உங்களைப் பார்க்க, தட்டுக்கும் கண்ணாடிக்கும் 35 செ.மீ. இடைவெளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேலே வரும் பிளவுக்குப் பக்கத்தில் மற்றக் கண்ணை வைத்து, தட்டைச் சுழற்றி, பிளவுகளின் ஊடே கண்ணாடியில் தெரியும் படத்தைப் பாருங்கள். தட்டின் மேல்பகுதியைத்தான் பார்க்கிறீர்கள், ஆகவே உருவங்களின் கால் மையத்தை நோக்கியும் தலை விளிம்பை நோக்கியும் இருக்க வேண்டும். வெளிச்சம் உங்கள் முகத்தில் படக்கூடாது. படத்தின் மேல் பட வேண்டும். வீட்டு எல்ஈடி விளக்குகளில் மலிவானவை நொடிக்கு 100 முறை மினுங்கும், அது சுழலும் பிளவுகளோடு சேர்ந்து பட்டை பட்டையாக இருட்டை உண்டாக்கும். ஜன்னல் வெளிச்சம் இருந்தால் அதுவே போதும்.

முதல் பாடம்: பந்து

பூ, பறவை, குதிரை எல்லாம் பிறகு. முதலில் ஒரு பந்து குதிக்கட்டும். 9 மி.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்றை அட்டையில் வெட்டி அச்சாக வைத்துக்கொண்டால் பன்னிரண்டும் ஒரே அளவில் வரும்.

தாளின் மையத்திலிருந்து 49.5 மி.மீ. தூரத்தைத் தரைமட்டத்தில் பந்தின் நடுப்புள்ளி என்று கொள்ளுங்கள். அங்கிருந்து வெளிநோக்கி, பன்னிரண்டு பிரிவுகளிலும், நடுக்கோட்டுக்கு ஒருபுறமாக, வரிசையாக இந்த உயரங்களில் நடுப்புள்ளியைக் குறியுங்கள், எல்லாம் மி.மீ.: 0, 11, 20, 27, 32, 35, 36, 35, 32, 27, 20, 11.

அடுத்தடுத்த எண்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பாருங்கள்: 11, 9, 7, 5, 3, 1. எறிந்த பொருள் மேலே போகப் போகத் தளர்வது இந்தக் கணக்கில்தான். உச்சியில் மூன்று படங்கள் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டே இருக்கும், தரைக்குப் பக்கத்தில் அகன்று கிடக்கும். தட்டை நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால் பந்து நொடிக்கு ஒருமுறை குதிக்கும். நிஜத்தில் அப்படிக் குதிக்கும் பந்து ஒன்றேகால் மீட்டர் உயரம் போய் வரும். தட்டை வேகமாகச் சுற்றினால் பந்து சின்னதாகவும் மெதுவாகச் சுற்றினால் பெரிதாகவும் தோன்றுவது இதனால்தான்.

இப்போது அதே தாளில், அதே பிரிவுகளில், நடுக்கோட்டின் மறுபுறம் இன்னொரு பந்தை 0, 6, 12, 18, 24, 30, 36, 30, 24, 18, 12, 6 என்று சம தூரத்தில் வரையுங்கள். இரண்டு பந்தின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே 12 மி.மீ. விட்டால் இடம் போதும். சுழற்றிப் பார்த்தால் ஒன்று குதிக்கும். இன்னொன்று கயிற்றில் கட்டி ஏற்றி இறக்குவது போலப் போய்வரும். வட்டம் அதே வட்டம்தான், கோடும் அதே கோடுதான். இடைவெளி மட்டும்தான் வேறு. ஓவியம் நன்றாக வரும், அசைபடம் மட்டும் வராது என்று அலுத்துக்கொள்ளும் மாணவர்களிடம் இந்த ஒரு தாளைக் கொடுத்தாலே போதும்.

பந்துக்கு உயிர் வர ஒரு சின்ன வேலை பாக்கி. தரையைத் தொடும் முதல் படத்தில் அதை 11 மி.மீ. அகலம், 7 மி.மீ. உயரமாக நசுக்குங்கள். நசுக்கும்போது நடுப்புள்ளியை 1 மி.மீ. மையத்தை நோக்கி இறக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பந்து தரையைத் தொடாமல் அந்தரத்தில் நசுங்கும். இப்படி ஒரே ஒரு படம் போதும். மூன்று படங்களில் நசுக்கினால் பந்து மாவு உருண்டையாகிவிடும்.

படம் 13, பிளவு 12 என்று வைத்தால் ஒவ்வொரு உருவமும் தட்டு சுழலும் திசையிலேயே மெல்ல நகரும். படம் 11 என்றால் எதிர்த்திசையில். ஊர்ந்து போகும் எறும்பு வரிசை, ஓடும் எலிகள் எல்லாம் பழைய தட்டுகளில் இப்படி வந்தவைதான். ஆனால் 12க்கு 12 சரியாக நின்ற பிறகே இதில் கை வையுங்கள். இல்லாவிட்டால் நகர்வது வேண்டுமென்று வந்ததா, வெட்டின பிழையில் வந்ததா என்று தெரியாது.

ஸோயட்ரோப்

சுழல்தட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம், கண்ணாடியும் வேண்டும். 1834இல் இங்கிலாந்தில் வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் பிளவுகளை உருளையின் சுவருக்கு மாற்றி இரண்டு குறையையும் தீர்த்தார். கடைகளில் விற்க அது 1860கள் வரை காத்திருந்தது வேறு கதை.

கறுப்பு அட்டையில் 64 செ.மீ. நீளம், 16 செ.மீ. உயரத்துக்கு ஒரு பட்டை. ஒரு ஓரத்திலிருந்து ஸ்கேலை நகர்த்தாமல் 5.2, 10.4, 15.6 என்று 62.4 வரை குறியுங்கள். மீதமுள்ள 1.6 செ.மீ. ஒட்டுவதற்கு. பிளவுகளைக் குறிகளின்மேல் வெட்டாமல் இரண்டு குறிகளுக்கு நடுவில் வெட்டினால் ஒட்டு எந்தப் பிளவின்மேலும் விழாது. அடியிலிருந்து 9 செ.மீ. உயரத்தில் தொடங்கி 14இல் முடியட்டும், அகலம் 3 மி.மீ. மேலே 2 செ.மீ. வெட்டாமல் விடுங்கள், அதுதான் சுவரை விறைப்பாகப் பிடித்துவைக்கும்.

முதலில் சுவரை ஒட்டி வளையமாக்கிவிட்டு, அதைத் தடித்த அட்டையின்மேல் வைத்து, உட்பக்கமாகப் பென்சிலை ஓட்டி அடித்தட்டை வரைந்து வெட்டுங்கள். விட்டத்தைக் கணக்குப் போட்டு அடித்தட்டை முதலில் வெட்டுபவர்களுக்கு அட்டையின் தடிமன் கடைசியில் காலை வாரும். படப்பட்டைக்கும் இதே கதை: அட்டை அரை மி.மீ. தடிமன் என்றால் உட்சுற்றளவு 3 மி.மீ. குறையும். 8 செ.மீ. உயர வெள்ளைப் பட்டையை உள்ளே சுற்றி, சந்திக்கும் இடத்தில் குறி வைத்து, அந்த நீளத்தைப் பன்னிரண்டாகப் பிரியுங்கள்.

சுழல அச்சு செய்யத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கேக் அலங்கரிக்கும் டர்ன்டேபிள் பேக்கிங் சாமான் கடையில் கிடைக்கும், அதன் நடுவில் இருபக்கப் பசை டேப்பால் உருளையை ஒட்டினால் தீர்ந்தது. நடுவில் சரியாக ஒட்டுங்கள், இல்லையேல் உருளை ஆடும்.

இதில் யாரும் முதலில் எதிர்பார்க்காதது ஒன்று உண்டு: படம் ஒல்லியாகத் தெரியும். நம் பக்கம் உள்ள பிளவு ஒரு திசையில் போக, எதிர்ச்சுவரில் உள்ள படம் எதிர்த்திசையில் வருவதால் பக்கவாட்டில் சுருங்குகிறது. 20 செ.மீ. உருளையை 30 செ.மீ. தள்ளி நின்று பார்த்தால் அகலம் ஐந்தில் மூன்று பங்காகிவிடும். ஆகவே அகலத்தை மட்டும் 1.6 மடங்கு கூட்டி வரைய வேண்டும். வட்டமான முகம் வேண்டுமானால் 2.5 செ.மீ. உயரம், 4 செ.மீ. அகலமுள்ள நீள்வட்டம். தாளில் பூசணிக்காய் மாதிரி இருக்கும், உருளைக்குள் முகமாகிவிடும். சுழல்தட்டில் பிளவும் கண்ணாடியில் தெரியும் படமும் ஒரே பக்கம் போவதால் இந்தத் தொல்லை கிடையாது.

உருளைக்குப் பொருத்தமான பயிற்சி நடை. பன்னிரண்டு படத்தில் இரண்டு எட்டு (காலடி), ஒரு எட்டுக்கு ஆறு படம். நொடிக்கு ஒரு சுற்றென்றால் நொடிக்கு இரண்டு எட்டு, சாதாரண நடை வேகம். உருவம் 5.5 செ.மீ. உயரம் இருக்கட்டும். முதல் படத்தில் முன்கால் குதிகால் தரையைத் தொடுகிறது. இரண்டாவதில் உடல் எடை அதன்மேல் இறங்க, தலை 2 மி.மீ. தாழ்கிறது. நான்காவதில் பின்கால் முன்காலைத் தாண்டுகிறது. ஐந்தாவதில் தலை 2 மி.மீ. உயர்கிறது. ஏழாவது படம் முதல் படமேதான், கால் மட்டும் மாறியிருக்கும். தரையில் ஊன்றிய பாதம் ஒவ்வொரு படத்திலும் பின்னோக்கி சரியாக 8 மி.மீ. போக வேண்டும். பந்துக்குக் கூடாத சம இடைவெளி இங்கே கட்டாயம். ஊன்றிய பாதம் ஒரு படத்தில் 5, அடுத்ததில் 11 என்று போனால் ஆள் எண்ணெய்த் தரையில் வழுக்குவது போலிருக்கும்.

சுவரின் உட்பக்கத்தில் வெளிச்சம் விழ உருளைக்கு நேர் மேலே விளக்கு வையுங்கள். 1877இல் பிரான்ஸில் எமில் ரேனோ பிளவுகளை எடுத்துவிட்டு நடுவில் கண்ணாடிப் பட்டைகளை நிறுத்தியது இந்த இருட்டுத் தொல்லைக்காகத்தான். அதை வீட்டில் செய்யலாம், ஆனால் பன்னிரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒரே கோணத்தில் நிறுத்துவது தனி வித்தை.

புரட்டுப் புத்தகம்

1868இல் பர்மிங்காமில் ஜான் பார்ன்ஸ் லின்னெட் காப்புரிமை வாங்கியது. சுழற்சி இல்லாததால் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லை, ஒரு சின்னக் கதையே சொல்லலாம்.

100 ஜிஎஸ்எம் ஏ4 தாளை 7க்கு 12 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் ஒரு தாளில் ஆறு கிடைக்கும். பத்துத் தாள், அறுபது பக்கம், நொடிக்கு பன்னிரண்டு என்றால் ஐந்து நொடி. எல்லாத் துண்டுகளையும் தாளின் ஒரே திசையில் வெட்டுங்கள். திசை கலந்தால் சில பக்கம் விறைப்பாகவும் சில பக்கம் தொளதொளவென்றும் இருந்து புரட்டும்போது கொத்துக் கொத்தாக விழும். கட்டும் பக்கத்தில் 4 செ.மீ. வெறுமையாக விடுங்கள், அது விரலுக்கும் கிளிப்புக்கும் போய்விடும்.

முதல் படத்தைக் கடைசித் தாளில் வரைந்து, அதன்மேல் அடுத்த தாளை வைத்து, கீழே தெரிவதைப் பார்த்து வரைந்துகொண்டே மேலே வாருங்கள். புரட்டும்போதும் பின்னாலிருந்து முன்னால். தாள் தாளோடு பொருந்த, பலகையில் எல் வடிவத்தில் இரண்டு அட்டைக் கீற்றுகளை ஒட்டி, ஒவ்வொரு தாளையும் அந்த மூலையில் முட்டவையுங்கள். பெரிய தாளில் வேலை செய்தால் ஆபீஸ் பஞ்சிங் மெஷின் போடும் இரண்டு துளைகளே போதும். நடுவுக்கு நடு 80 மி.மீ., ஒவ்வொன்றும் 6 மி.மீ. 6 மி.மீ. மரக்குச்சிகளைப் பலகையில் அதே தூரத்தில் நட்டு, லேசாக உப்புத்தாள் தேய்த்து, தாள்களை அதில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கோடு கோட்டைப் பார்த்தே வரைந்தால் பிழை கூடிக்கொண்டே வந்து முப்பதாவது பக்கத்தில் முகம் வேறு ஆளாகிவிடும், பாகைமானியில் நடந்த அதே கோளாறு. அதனால் 1, 9, 17, 25 ஆகிய முக்கியப் படங்களை முதலில் முடித்துவிடுங்கள். பிறகு 1க்கும் 9க்கும் நடுவே 5, அதன்பின் 3, 7, கடைசியில் மிச்சம். அமெரிக்காவில் ஓவியர் வின்சர் மெக்கே 1914இல் தன் டைனோசர் அசைபடத்துக்காக ஆயிரக்கணக்கான படங்களை மெல்லிய அரிசித்தாளில் வரைந்தது இப்படிப் பாதி பாதியாகப் பிரித்துத்தான். பொருத்தத்துக்கு அவர் தாளின் மூலைகளில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். இவ்வளவு செய்தும் கோடு கொஞ்சம் நடுங்கும். லேசான நடுக்கம் அழகுதான், துடைக்கப் போகாதீர்கள்.

முடிந்ததும் அடுக்கைத் தட்டிச் சீராக்கி, புரட்டும் ஓரம் மிகச் சிறிய சரிவாக வரும்படி அடுக்கைச் சாய்த்துப் பெரிய பைண்டர் கிளிப் போடுங்கள். அந்தச் சரிவில்தான் கட்டைவிரல் ஒவ்வொரு தாளாக விடும்.

செல்போனில் எடுக்கும்போது

சுழல்தட்டைக் கேமராவில் எடுக்கப் பிளவே தேவையில்லை. கேமராவின் ஷட்டரே பிளவு. வீடியோ நொடிக்கு 30 படம் என்றால் 12 படத் தட்டு நொடிக்கு இரண்டரைச் சுற்று சுற்ற வேண்டும். கையால் வேகமாகச் சுற்றிவிட்டு, வேகம் தானாகக் குறையும்போது தொடர்ந்து பதிவு செய்யுங்கள். சரியான வேகத்தைத் தாண்டும் சில நொடிகள் படம் நிலையாக நின்று அசையும், அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். ரெக்கார்ட் பிளேயர் கிடைத்தால் இன்னும் வசதி: நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் நொடிக்கு 25 படம் எடுத்தால் ஒரு சுற்றுக்குச் சரியாக 45 படம். தட்டை 45ஆகப் பிரித்தால், அதாவது ஒரு பிரிவுக்கு 8 பாகை, படம் நகராது.

கேமராவில் ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்குக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் ஓரங்கள் வழியும். அதற்கு நிறைய வெளிச்சம் வேண்டும், மதிய வெயில்தான் சரி. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் வரைந்த புரட்டுப் புத்தகத்தைப் படம்பிடித்து நெகட்டிவாக மாற்றினால் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்தது போல வரும். 1908இல் பிரெஞ்சு ஓவியர் எமில் கோல் தன் அசைபடத்தின் எழுநூறு படங்களை அப்படித்தான் அச்செடுத்தார், ஒவ்வொன்றையும் இரண்டு முறை பிடித்து. நீங்களும் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை பிடித்தால் அறுபது பக்கம் நொடிக்கு 24 படம் என்ற வேகத்தில் ஐந்து நொடி ஓடும்.